சிப்மங்க் பயிற்சி விமானத்தின் வரலாற்றைத் திருகோணமலையிலிருந்து எழுதுவது எப்படி

சீனக்குடா விமானத் தளத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வளர்ந்தவர்களுக்குப் பயிற்சி விமானத்தின் இரைச்சல் பழகிப்போன ஒன்று. வெள்ளைமணலிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்து வயல்வெளிகளிலும் காலை வேளையில் அது தலைக்கு மேல் சுற்றிச்சுற்றி வருவதைப் பார்த்தபடியே பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் சிலர், இப்போது அந்த விமானங்களைப் பற்றி எழுத விரும்பி வழி கேட்கிறார்கள். போர் விமானத்தைப் பற்றி எழுதுகிறவருக்குச் சண்டைகளும் திகதிகளும் வீரர்களின் பெயர்களும் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. பயிற்சி விமானத்துக்கு அந்த வசதி இல்லை. ஒரு மாணவனை ஏற்றிக்கொண்டு எழும்பியது, அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ சுற்றியது, இறங்கியது, மறுநாளும் அதையே செய்தது என்பதற்கு மேல் அதன் பதிவேட்டில் பெரும்பாலும் எதுவும் இராது. இருந்தும் ஒரு விமானப்படையின் ஒவ்வொரு விமானியும் அதனுள் அமர்ந்துதான் தொழிலைக் கற்றுக்கொண்டார் என்பதால், அதன் வரலாற்றை விட்டுவிட்டு மற்றவற்றை எழுதுவது அத்திவாரத்தை விட்டுவிட்டு வீட்டை வருணிப்பதற்குச் சமம் என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கட்டுரையில் டி ஹவிலண்ட் கனடா நிறுவனத்தின் சிப்மங்க் விமானத்தை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றை எவ்வாறு தேடுவது, எவ்வாறு சரிபார்ப்பது, எவ்வாறு எழுதுவது என்று சொல்ல முயல்கிறேன். இந்த விமானத்தைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. 1951 ஆம் ஆண்டில் றோயல் சிலோன் விமானப்படை தொடங்கியபோது, உள்ளூரிலேயே விமானிகளைப் பயிற்றுவிப்பதற்காக முதன்முதலில் வாங்கப்பட்டது இதுதான்.

எந்த விமானம் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

பழைய படம் ஒன்று கையில் கிடைத்தவுடன் கதை எழுதத் தொடங்குவது பலரும் செய்யும் பிழை, நானும் செய்திருக்கிறேன். கட்டுநாயக்காவில் வேலைபார்த்த ஒருவரின் குடும்ப அல்பத்திலிருந்து கிடைத்த படத்தைச் சிப்மங்க் என்று நம்பி, இரண்டு பக்கங்கள் எழுதிய பின்னர்தான் விமானத்தின் மூக்கில் நான்கு தகடுள்ள சுழலி இருப்பதைக் கவனித்தேன். அது போல்ட்டன் போல் நிறுவனத்தின் பலியோல் விமானம். எழுதியதை முழுவதும் கிழித்துவிட்டு மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்தப் படத்தையும் கீழ்க்காணும் முறையில் ஆராயாமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

இறக்கைகளை முதலில் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இறக்கைகள் இருந்தால் அது சிப்மங்குக்கு முந்திய டைகர் மோத் ஆக இருக்கலாம். இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருந்து, மூக்கின் கீழும் ஒரு சக்கரம் இருந்தால் அது பிற்காலத்தில் வந்த செஸ்னா 150. சிப்மங்கின் இறக்கை ஒற்றையடுக்கு. உடலின் அடிப்பகுதியோடு பொருந்தியிருக்கும். அடுத்து இருக்கைகளைப் பாருங்கள். சிப்மங்கில் மாணவனும் ஆசிரியரும் ஒருவர் பின் ஒருவராக அமர்வார்கள். பலியோலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்வதால் அதன் உடல் அகன்று தெரியும். சிப்மங்கின் சக்கரங்கள் பறக்கும்போதும் வெளியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், பலியோலின் பிரதான சக்கரங்களோ இறக்கைக்குள் மடிந்துவிடும். பலியோலில் பொருத்தப்பட்டிருந்தது 1,200 குதிரைவலுவுக்கு மேற்பட்ட மேர்லின் எஞ்சின். சிப்மங்கில் இருந்ததோ 145 குதிரைவலுவுள்ள ஜிப்சி மேஜர். அந்த வேறுபாடு மூக்கின் பருமனிலேயே தெரிந்துவிடும்.

நம் பகுதியில் அதிகம் குழப்பத்தை உண்டாக்குவது சீனத் தயாரிப்பான பி.ரி.6 விமானம். பிற்காலத்தில் சீனக்குடாவில் பயிற்சிக்குப் பயன்பட்ட இதுவும் தாழ்ந்த இறக்கை உடையது, ஒருவர் பின் ஒருவராக அமரும் இரட்டை இருக்கை உடையது, சட்டங்களால் பிரிக்கப்பட்ட நீண்ட கண்ணாடிக் கூரை உடையது. தூரத்திலிருந்து பார்த்த ஒருவர் இரண்டையும் ஒன்றென்று சொல்வதில் வியப்பில்லை. ஆனால் பி.ரி.6 இன் மூக்கு வட்டமாகவும் தடித்தும் இருக்கும், ஏனெனில் அதன் எஞ்சினில் உருளைகள் நட்சத்திர வடிவில் சுற்றி அமைந்திருக்கின்றன. சிப்மங்கின் மூக்கு ஒடுங்கியது. தரையில் நிற்கும்போது பி.ரி.6 மூக்குச் சக்கரத்தின் துணையோடு கிடையாக நிற்கும், சிப்மங்க் வாலில் உள்ள சிறு சக்கரத்தின் மேல் அமர்ந்து மூக்கை வானத்தை நோக்கி உயர்த்திக்கொண்டிருக்கும். படம் எவ்வளவு மங்கியிருந்தாலும் இந்த நிலையை மட்டும் எளிதில் கண்டுகொள்ளலாம்.

உடலமைப்பின் காரணங்களைத் தேடுங்கள்

விமானம் எதுவென்று உறுதியான பின்னர், அது ஏன் அப்படி அமைந்தது என்று கேளுங்கள். பயிற்சி விமானத்தின் வரலாறு பெரும்பாலும் அதன் உடலிலேயே எழுதப்பட்டிருக்கிறது; ஒவ்வொரு உறுப்புக்கும் பின்னால் ஒரு தேவையோ ஒரு விபத்தோ ஒரு பட்டறிவோ இருக்கும்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது பிரித்தானியாவிலும் அதன் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலும் ஆரம்பப் பயிற்சி பெரும்பாலும் டைகர் மோத்தில் நடந்துகொண்டிருந்தது. 1931 இல் முதன்முதலில் பறந்த அந்த விமானம் மரமும் துணியும் கொண்ட இரட்டையிறக்கை விமானம், இருக்கைகள் திறந்த வெளியில் இருந்தன. உலோக உடலும் ஒற்றை இறக்கையும் மூடிய கூரையும் கொண்ட போர் விமானங்களை ஓட்டப்போகிறவன் அத்தகைய விமானத்தில் தொடங்குவது பொருந்தாது என்பதால், அதற்கு மாற்றாக ஒன்றை உருவாக்கும் பணியை டி ஹவிலண்டின் கனடாக் கிளை மேற்கொண்டது. வடிவமைப்புக்குத் தலைமை தாங்கியவர் வ்செவொலோட் யாகிமியூக் என்ற போலந்துப் பொறியியலாளர். போருக்கு முன்னர் போலந்தின் பி.இசட்.எல். நிறுவனத்தில் போர் விமானங்களை வடிவமைத்த அவர், நாடு வீழ்ந்த பின்னர் கனடாவை வந்தடைந்தவர். சொந்த மண்ணில் கற்ற கலையை அயல் மண்ணில் மீண்டும் தொடங்கியவரின் கை இந்த விமானத்தில் இருக்கிறது என்பதை எழுதும்போது மறந்துவிடாதீர்கள். நம் வாசகர்களுக்கு அதை விளக்கிச் சொல்ல வேண்டிய தேவையும் அதிகம் இராது.

முதல் விமானம் 1946 மே 22 அன்று ரொறொன்ரோவின் டவுன்ஸ்வியூ விமானத் தளத்திலிருந்து பறந்தது. அதை ஓட்டியவர் பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனத்திலிருந்து சென்ற பற் ஃபிலிங்ஹாம். தாம் உருவாக்கிய விமானங்களுக்குக் கனடாவில் வாழும் உயிரினங்களின் பெயரைச் சூட்டும் வழக்கத்தை அந்த நிறுவனம் இதிலிருந்தே தொடங்கியது. பின்னர் வந்த பீவர், ஒட்டர், கரிபூ ஆகியவையும் அவ்வாறே பெயர் பெற்றன. சிப்மங்க் என்பது முதுகில் கோடுகள் ஓடும் சிறு விலங்கு. நம் வீட்டு முற்றத்து அணிலுக்கு உறவு. தமிழில் எழுதும்போது விமானத்தின் பெயரை மொழிபெயர்க்காமல் அப்படியே வைத்துக்கொண்டு, பொருளை ஒருமுறை மட்டும் சொல்லிவிடுவது நல்லது.

இனி உறுப்புகளுக்கு வருவோம். ஜிப்சி மேஜர் எஞ்சினில் நான்கு உருளைகள் வரிசையாக, தலைகீழாகத் தொங்குகின்றன. சுழலும் தண்டு மேலே, உருளைகள் கீழே. இதனால் சுழலி உயரத்தில் அமைந்து தரையில் படாமல் தப்புகிறது. மூக்கின் மேற்பகுதியும் ஒடுங்கி, விமானிக்கு முன்னால் ஓரளவு பார்வை கிடைக்கிறது. இருந்தாலும் வால் தாழ்ந்திருக்கும்போது நேர்முன்னே உள்ளதைக் காண முடியாது. எனவே தரையில் ஓட்டிச்செல்கிறவர் இடமும் வலமும் மாறிமாறித் திருப்பி, பக்கங்களினூடாகப் பாதையைப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வெள்ளைமணலைச் சேர்ந்த ஒரு முதியவர், விமானத் தளமொன்றில் கூலி வேலை செய்த காலத்தை நினைவுகூர்ந்து, “தரையில போகக்குள்ள பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சுதான் போகும், தம்பி” என்று என்னிடம் சொன்னார். அவருக்கு விமானத்தின் பெயர் தெரியாது. ஆனால் வாற்சக்கர விமானத்தைத்தான் அவர் பார்த்திருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இறக்கையின் முன்பகுதி உலோகத் தகட்டால் ஆன பெட்டி போன்றது. அதன் பின்பகுதியும் திசைமாற்றும் பரப்புகளும் துணியால் போர்த்தப்பட்டவை. போர்க்காலத்துக்குப் பிந்திய விமானம் என்றாலும் பழைய தொழில்முறையை அது முழுதாகக் கைவிடவில்லை என்பதை இது காட்டுகிறது. துணியைத் தைத்து, பூச்சுப் பூசி, இழுத்துக் கட்டத் தெரிந்த கைவினைஞர்கள் ஒவ்வொரு தளத்திலும் தேவைப்பட்டார்கள் என்பதையும் இதிலிருந்து ஊகிக்கலாம். எரிபொருள் அளவைக் காட்டும் கருவிகள் இறக்கைகளின் மேற்பரப்பிலேயே பதிக்கப்பட்டிருந்தன. மாணவன் தலையைத் திருப்பி வெளியே பார்த்துத்தான் மீதமுள்ள எரிபொருளை அறிந்துகொண்டான். பிரித்தானிய விமானப்படைக்கான ரி.10 வகையில் எஞ்சினை இயக்கத் தோட்டா போன்ற ஒரு வெடிச்சிமிழ் பயன்பட்டது. அது வெடிக்கும் வாயுவின் அழுத்தத்தில் எஞ்சின் சுழலத் தொடங்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை. பேட்டி எடுக்கும்போது இது மிகவும் உதவும்.

டைகர் மோத்தில் மாணவன் பின்னால் அமர்ந்தான், சிப்மங்கில் அவன் முன்னிருக்கைக்கு வந்தான். முதன்முதலாகத் தனியே பறக்கும் நாளிலும் அதே முன்னிருக்கையில்தான் இருப்பான், பின்னிருக்கை வெறுமையாக இருக்கும். இந்தச் சிறு மாற்றத்தை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம், அவன் அடுத்து ஏறப்போகும் போர் விமானத்தில் முன்னால் எவரும் இருக்கமாட்டார் என்பதற்கு அவனை முதல் நாளிலிருந்தே பழக்கும் ஏற்பாடு அது என்பதுதான்.

வாலின் அருகே, கிடை இறகுக்கு முன்னால், உடலின் இருபுறமும் ஒட்டிய மெல்லிய நீள் தகடுகளைப் பல சிப்மங்குகளில் காணலாம். இவை முதல் வடிவத்தில் இல்லை. விமானம் சுழன்றுகொண்டே கீழே விழும் நிலையிலிருந்து மீள்வதில் சிரமம் இருப்பதாக விபத்துகளின் பின்னர் எழுந்த ஐயத்தால், இந்தத் தகடுகளும் அகலம் கூடிய திசைச்சுக்கானும் சேர்க்கப்பட்டன. சுழற்சியில் சிக்கி மீள்வது பயிற்சியின் ஒரு பாடம். அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் விமானமே மீளத் தயங்கினால் ஆசிரியரும் மாணவனும் ஒன்றாக உயிரிழப்பார்கள். எனவே உங்கள் கையிலுள்ள படத்தில் அந்தத் தகடுகள் இருக்கின்றனவா இல்லையா என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். படம் எந்தக் காலத்தது என்று ஊகிக்கவும் அது துணைபுரியும்.

எண்களைக் கையாளும்போது

எண்களைக் குறைவாகவும் சரியாகவும் கொடுங்கள். இறக்கையின் முழு அகலம் 10.46 மீற்றர், நீளம் 7.75 மீற்றர், அதிகூடிய வேகம் மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீற்றர் என்பன வாசகருக்குப் போதுமானவை. கனடாவில் 217, பிரித்தானியாவில் 1,000, போர்த்துக்கலில் 66 விமானங்கள் கட்டப்பட்டதாகப் பெரும்பாலான நூல்கள் சொல்கின்றன; மொத்தத்தில் ஒன்றிரண்டு கூடக்குறைய எழுதும் நூல்களும் உள்ளன என்பதால், எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறீர்களோ அதையே கட்டுரை முழுவதும் பின்பற்றுங்கள். பிரித்தானிய விமானப்படை 735 விமானங்களைப் பெற்றது. 1950 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக விமான அணியில் அங்கு தொடங்கிய அதன் பயிற்சிப் பணி 1996 வரை நீடித்தது.

இளவரசர் பிலிப் 1952 இல் சிப்மங்கில் பறக்கக் கற்றார் என்ற செய்தியைப் பலரும் முதற் பந்தியில் வைக்கிறார்கள். அது உண்மைதான், ஆனால் ஒரு வரிக்கு மேல் அதற்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை. அதைவிடச் சுவையானது, பனிப்போர்க் காலத்தில் மேற்கு பெர்லினின் கடோவ் தளத்திலிருந்து எழுந்த சிப்மங்குகள் நகரைச் சுற்றியிருந்த சோவியத்துப் படைகளைப் படம் பிடித்த கதை. மாணவனுக்கென்று செய்யப்பட்ட விமானத்தை உளவுக்கும் பயன்படுத்தினார்கள் என்பது, பின்னால் நாம் சொல்லப்போகும் உள்ளூர்க் கதையோடும் இணைகிறது.

இலங்கைக்கு வந்த காலத்தைத் துல்லியமாக நிறுத்துங்கள்

விமானப்படை 1951 மார்ச் 2 அன்று உருவானது. அதன் முதல் தளபதி பிரித்தானிய அதிகாரியான குறூப் கப்டன் கிரஹம் பிளேடன். ஆரம்பப் பயிற்சிக்குச் சிப்மங்கும், அதைத் தொடர்ந்து உயர்நிலைப் பயிற்சிக்குப் பலியோலும் எயர்ஸ்பீட் ஒக்ஸ்போர்ட்டும் பயன்பட்டன. தெரிவுசெய்யப்பட்ட சில மாணவர்கள் இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார்கள். அக்காலத்தில் பயிற்சி கட்டுநாயக்காவை மையமாகக் கொண்டிருந்தது. சீனக்குடா அப்போது இன்னும் பிரித்தானியரின் கையில் இருந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 ஒக்டோபர் 15 அன்றும், கட்டுநாயக்கா விமானத் தளம் அதே ஆண்டு நவம்பர் 1 அன்றும் இலங்கையிடம் கையளிக்கப்பட்டன. பிரித்தானியர் வெளியேறிய பின்னரே சீனக்குடாவும் நம் நாட்டு விமானப்படையின் தளமாயிற்று. இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளாவிட்டால், 1953 இல் சீனக்குடாவில் இலங்கை மாணவன் ஒருவன் சிப்மங்கில் பயின்றான் என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு.

இன்னோர் எச்சரிக்கையும் தேவை. சீனக்குடாவுக்குப் பெரிய கதைகள் பல இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது பிரித்தானிய விமானப்படையின் 261 ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன் போர் விமானங்கள் இங்கிருந்துதான் எழுந்தன. 1944 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவிலுள்ள பலெம்பாங் எண்ணெய் நிலையங்களை நோக்கி இங்கிருந்து புறப்பட்டன. இவற்றைத் தேடிப் படிப்பது மகிழ்ச்சி தரும். ஆனால் அவற்றுக்குள் இறங்கினால் சிப்மங்க் கட்டுரை மீண்டு வராது. தளத்தை அறிமுகப்படுத்த இரண்டு வாக்கியங்கள் எழுதிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

முதியவர்களிடம் கேட்கும் முறை

நம் ஊரில் ஆவணங்களைவிட மனிதர்களிடமே அதிகம் கிடைக்கும். விமானிகளை மட்டும் தேடிச் செல்லாதீர்கள். எரிபொருள் நிரப்பியவர், புல் வெட்டியவர், உணவகத்தில் சமைத்தவர், சலவை செய்தவர், வேலிக்கு அப்பால் மாடு மேய்த்தவர் ஆகியோரும் அந்த விமானத்தோடு வாழ்ந்தவர்களே. உள்ளூர் வரலாற்றை எழுதுகிறவருக்கு அவர்களின் சொல்லே முதன்மையானது என்பது என் உறுதியான எண்ணம். அவர்களில் பெரும்பாலோர் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். எனவே நூல்களைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் இவர்களைச் சந்தியுங்கள்.

போகும்போது வீட்டாரில் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பேரன் பக்கத்தில் இருந்து “மூத்தாப்பா, இந்தத் தம்பி அந்தக் காலத்துப் பிளேனைப் பற்றிக் கேக்க வந்திருக்கிறார்” என்று தொடங்கிவைத்தால் பேச்சு தானாக ஓடும். உத்தியோகத்தில் இருந்தவரை ஐயா என்றே அழையுங்கள். சிப்மங்கின் படத்தைக் காட்டி, இதைத்தான் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். வந்தவரின் மனம் நோகக்கூடாதென்று பலரும் ஆமென்று சொல்லிவிடுவார்கள். டைகர் மோத், சிப்மங்க், பலியோல், செஸ்னா, பி.ரி.6 ஆகிய ஐந்தின் படங்களையும் பெயர் எழுதாமல் மேசையில் பரப்பிவைத்து, அவராகவே ஒன்றை எடுக்கும்வரை காத்திருங்கள். எடுத்த பின்னர் ஏன் அதை எடுத்தார் என்று கேளுங்கள். சக்கரம் எங்கே இருந்தது, ஒருவர் பின் ஒருவராக இருந்தார்களா, எஞ்சினை எப்படி இயக்கினார்கள், இயக்கும்போது வெடிச் சத்தம் கேட்டதா என்ற கேள்விகள் விமானத்தின் பெயரைவிட உறுதியான விடைகளைத் தரும்.

ஆண்டுகளை நேரடியாகக் கேட்பதில் பயனில்லை. நம் மக்கள் காலத்தைப் புயலாலும் கலவரத்தாலும் கல்யாணத்தாலும் அளக்கிறார்கள். 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய புயலுக்கு முன்னமா பின்னமா என்று கேட்டால் அந்தத் தலைமுறையினர் தயங்காமல் சொல்வார்கள். பிரித்தானியர் கப்பலேறிப் போன காலம், மூத்த மகள் பிறந்த ஆண்டு, 1978 நவம்பர்ச் சூறாவளி ஆகியவையும் இவ்வாறே பயன்படும். இரண்டு வேறுபட்ட அடையாளங்களால் ஒரே காலம் கிடைத்தால் மட்டும் அதைக் கட்டுரையில் ஆண்டாக எழுதுங்கள். ஒன்றுதான் கிடைத்ததென்றால் “புயலுக்கு முந்திய ஆண்டுகளில்” என்று அவர் சொன்னபடியே எழுதுவதே நேர்மை.

படங்களைக் கேட்கும்போது மிகுந்த பொறுமை வேண்டும். இடம்பெயர்வில் பெட்டியோடு போனவை, 2004 ஆழிப்பேரலையில் உப்புநீர் குடித்தவை, விமானப்படையோடு தொடர்புள்ளது என்பதாலேயே அஞ்சி எரிக்கப்பட்டவை என்று ஒவ்வொரு வீட்டிலும் இழந்த படங்களின் கணக்கு ஒன்று இருக்கும். அதைச் சொல்லி முடிக்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள். மிஞ்சிய படங்கள் பிள்ளைகளோடு வெளிநாடு சென்றிருக்கக்கூடும் என்பதால் அங்கும் விசாரியுங்கள். சிப்மங்க் பிறந்த ரொறொன்ரோ நகரத்திலேயே இன்று திருகோணமலைக் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அது முதன்முதலில் எழுந்த டவுன்ஸ்வியூ ஓடுபாதை 2024 இல் மூடப்பட்டுவிட்டது. அவ்விடத்தை ஒரு படம் எடுத்து அனுப்பும்படி உறவினர் ஒருவரிடம் கேட்டால் உங்கள் கட்டுரைக்கு அது அழகான துணையாகும்.

ஆவணங்களும் அனுமதியும்

சீனக்குடா இன்றும் இயங்கும் படைத்தளம். விமானப்படைக் கல்விக்கழகம் அங்கேதான் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று படமெடுக்க முயலாதீர்கள். உள்ளே ஏதேனும் பார்க்க வேண்டுமானால் பாடசாலை அல்லது வரலாற்றுக் கழகம் ஒன்றின் பெயரில், நோக்கத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதில் தாமதித்தாலும் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கோவையில் வையுங்கள். பழைய விமானங்களை நேரில் பார்ப்பதற்கு இரத்மலானையிலுள்ள விமானப்படை அருங்காட்சியகமே ஏற்ற இடம். உலகில் மிகச் சிலவாக எஞ்சியுள்ள பலியோல்களில் ஒன்று அங்கிருக்கிறது. காலையில் போய், விமானங்களைச் சுற்றி மூன்று முறையாவது நடந்து, ஒரே உறுப்பை வெவ்வேறு கோணங்களில் வரைந்துகொள்ளுங்கள். கைபேசிப் படம் நினைவில் நிற்பதைவிடக் கையால் வரைந்தது நன்றாக நிற்கும்.

கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் 1950களின் செய்தித்தாள்களைப் பார்க்கலாம். 1930 இல் தொடங்கிய வீரகேசரியும் 1932 இல் தொடங்கிய தினகரனும் அக்காலச் செய்திகளைத் தமிழ் வாசகருக்கு எந்தச் சொற்களில் சொல்லின என்று கவனியுங்கள். ஆகாய விமானம், வானவூர்தி, பறப்பு போன்ற சொற்களின் பயன்பாடே தனியான ஓர் ஆய்வுக்கு உரியது. நூலகம் இணையத் தளத்தில் ஈழத்துப் பழைய இதழ்களும் ஊர் மலர்களும் இலவசமாகக் கிடைப்பதால், கொழும்புக்குப் போகுமுன் அங்கே தேடுவது பயணச் செலவைக் குறைக்கும்.

விமானம் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலை இலக்கம் ஒன்று உண்டு. படையில் சேர்ந்த பின் உடலில் எழுதப்படும் இலக்கம் வேறு. படை மாறினால், அல்லது தனியாருக்கு விற்கப்பட்டால் பின்னது மாறிவிடும், முன்னது மாறாது. ஒரு குறிப்பிட்ட விமானத்தின் வாழ்க்கையைத் தொடர விரும்புகிறவர் தொழிற்சாலை இலக்கத்தைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும்.

பயிற்சி விமானம் ஆயுதமேந்திய கதையைத் தவிர்க்காதீர்கள்

சிப்மங்க் பயிற்சிக்கே பயன்பட்டது என்பதால் கட்டுரையை அத்தோடு இனிமையாக முடித்துவிடலாம் என்று தோன்றும். நம் நாட்டில் அதன் பின்வந்த பயிற்சி விமானங்களின் கதையையும் ஒரு பந்தியிலேனும் சொல்லாமல் விட்டால், கட்டுரை பாதி உண்மையோடு நின்றுவிடும். பயிற்சிக்கென்று வாங்கப்பட்ட ஜெட் புரோவோஸ்ட் விமானங்கள் 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது ஆயுதம் பூட்டப்பட்டு, இந்நாட்டு இளைஞர்களுக்கு எதிராகவே அனுப்பப்பட்டன. இத்தாலியரான ஸ்தேலியோ ஃப்ராத்தி வடிவமைத்து, 1964 இல் முதன்முதல் பறந்த எஸ்.எஃப்.260 என்ற அழகிய பயிற்சி விமானத்தை, அதைத் தயாரித்த சியாய் மார்க்கெட்டி நிறுவனத்தின் பெயரால் நம் மக்கள் சியாமாசெட்டி என்று அழைத்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் பதுங்குகுழிக்குள் இருந்த ஒரு தலைமுறை அதன் பெயரை அதன் ஒலியிலிருந்தும் அது போட்ட குண்டிலிருந்தும் கற்றுக்கொண்டது. பிற நாடுகளில் விமான ஆர்வலர்கள் அதன் இறக்கை வடிவை வியந்து எழுதும் பக்கங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பதுங்குகுழியின் மண் வாசனையே நினைவுக்கு வருகிறது.

இதை எழுதும்போது குரலை உயர்த்தத் தேவையில்லை. எந்த விமானம், எதற்காக வாங்கப்பட்டது, எதற்குப் பயன்பட்டது, கீழே இருந்தவர்கள் அதை எந்தப் பெயரால் அழைத்தார்கள் என்று வரிசையாகச் சொன்னால் போதும். பேட்டி கொடுக்கிறவர் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச விரும்பாவிட்டால் ஒலிப்பதிவை நிறுத்திவிடுங்கள். அவர் பேசினால் குறுக்கிடாதீர்கள், சிப்மங்கைப் பற்றிய கேள்விக்கு அவரை இழுத்து வராதீர்கள்.

எழுதி முடித்த பின்

கட்டுரையை வெளியிடுமுன் தகவல் தந்த வீடுகளுக்குச் சென்று, அவர்கள் தொடர்பான பகுதிகளை வாசித்துக் காட்டுங்கள். பெயரை நீக்கும்படி யாரேனும் சொன்னால் காரணம் கேட்காமல் நீக்குங்கள். ஒலிப்பதிவுகளையும் படங்களின் ஸ்கான் பிரதிகளையும் இரண்டு இடங்களில் வைத்திருங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று பாடசாலை நூலகத்திலோ பொது நூலகத்திலோ இருக்கட்டும். மூலப்படங்களை ஒருபோதும் உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த விமானம், எந்த இடம், எந்தப் புயலுக்கு முன் அல்லது பின், சொன்னவர் யார் ஆகிய விவரங்களை மென்மையான பென்சிலால், அழுத்தாமல், படத்தின் பின்புறத்தில் எழுதிய பின்னர் அதை வீட்டாரின் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்.